அம்மாவின் வியர்வையும் என் மூன்று கிலோவும்

அன்புள்ள வாலு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். இந்த வரியை எத்தனையோ கடிதங்களில் பழக்கத்துக்கு எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் எக்ஸ்ரே உறையையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்த பிறகு எழுதுகிறேன், ஆகவே நம்பலாம். நீ அங்கே நலமா என்பதைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கடைசியில் கேட்கிறேன், அதுவரை உன் நலத்தை ஒத்திவைக்கிறேன்.

போன ஞாயிறு நீ போனில், அம்மா ஏன் இப்படி இளைச்சுத் தெரியறா, ஏன் ரெண்டு வார்த்தை பேசிட்டு உங்க கையில போனைக் குடுத்துடறா, ரெண்டு பேரும் சேர்ந்து எதையோ மூடி மறைக்கறீங்க, உண்மையைச் சொல்லுங்கப்பா என்று கேட்டாய். நான் கேமராவில் தூசி என்றேன். முப்பத்துநான்கு வருடம் அறிவியல் ஆசிரியராக இருந்தவன் சொல்லக்கூடிய பொய்யா அது. தூசி படிந்தால் படம் மங்கும், ஆள் இளைக்க மாட்டாள். எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், நீ போனை வைத்துவிட்டாய். அன்றைக்கு என்னிடம் உண்மை இல்லை, பயம்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை உண்மை கிடைத்துவிட்டது. போனில் சொன்னால் உன் அம்மா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவாள், அதனால் அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். விடையை முதலில் எழுதிவிட்டு வழிமுறையைப் பிறகு எழுதினால் பரீட்சையில் பாதி மதிப்பெண்தான். ஆனால் அப்பா மகளுக்கு எழுதும்போது அதுதான் முறை. விடை: உன் அம்மாவுக்குப் பெரிய வியாதி எதுவும் இல்லை. இனி வழிமுறை.

பத்து வாரம் முன்னால் ஆரம்பித்தது. தூக்கத்தில் உன் அம்மாவுக்கு வியர்க்கும். வியர்க்கும் என்றால் நெற்றியில் நாலு துளி இல்லை, நைட்டி, தலையணை உறை, விரிப்பு எல்லாம் பிழிந்தால் வடிகிற அளவுக்கு. எழுந்து உடை மாற்றுவாள், ஃபேனை முழு வேகத்தில் வைப்பாள். பத்து நிமிடத்தில் உடம்பு வெடவெடக்கும், போர்வை கேட்பாள், பிறகு என் போர்வையையும் கேட்பாள். ஒரே ராத்திரியில் கோடையும் குளிர்காலமும் மாறி மாறி வந்து போகும், நான் எந்தப் பருவத்துக்குப் படுப்பது என்று தெரியாமல் நடுவில் கிடப்பேன். காலையில் கேட்டால், மெத்தை பழசாயிடுச்சு, அதான் சூடு என்பாள். மெத்தையை வெயிலில் போட்டோம், பிறகு புதிதாகவே ஒன்று வாங்கிப் போட்டோம். அடுத்து, ஜன்னல் பக்கம் மலை மாதிரி நீங்க படுத்துக் காத்தையெல்லாம் மறைக்கறீங்க என்றாள். இடம் மாறிப் படுத்தோம். அடுத்து, நீங்க விடற மூச்சே அனலா இருக்கு என்றாள். மூச்சை எங்கே மாற்றி வைப்பது.

பகலிலும் வந்தது. உன் அம்மாவின் சீருடைத் தையல் கூடம் உனக்குத் தெரியும். நீள மேசைமேல் துணியை அடுக்கடுக்காக விரித்து, அதன்மேல் கைக்கு ஒன்று, காலருக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று அளவுக் காகிதங்களைப் பரப்பி வெட்டுவார்கள், அந்தப் பிரிவுக்கு அவள்தான் மேற்பார்வை. ஒருநாள் பதினோரு மணிக்கு நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, கன்னம், காது மடல் என்று ஏறியிருக்கிறது. முகம் செக்கச்செவேல் என்று ஆகி, தாங்க முடியாமல் மூலையில் இருந்த ஸ்டாண்டு ஃபேனைத் தன் பக்கம் திருப்பிவிட்டாள். அவ்வளவுதான், மேசையில் இருந்த காகிதம் எல்லாம் கிளம்பிக் கூடம் முழுக்கப் பறந்தது. எல்லோருமாகப் பொறுக்கி அடுக்கினார்கள். அந்த அவசரத்தில் ஆறாம் வகுப்புச் சட்டைக்குப் பத்தாம் வகுப்புக் கை போய்ச் சேர்ந்தது, நாற்பது சட்டை தைத்து முடிந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். முதலாளி அதில் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, ஏம்மா, இந்தப் பிள்ளை ஸ்கூலுக்கு நடந்து போகுமா, கையை ஊன்றித் தாவிப் போகுமா என்று கேட்டாராம், முப்பது பேர் முன்னால். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு காலரைக்கூட மாற்றி வெட்டாதவள் உன் அம்மா. வீட்டுக்கு வந்து இதை நடித்துக் காட்டிச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

டாக்டரிடம் போகலாம் என்றேன். வேர்க்குதுன்னு யாராவது டாக்டர்கிட்ட போவாங்களா, இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான், ஐம்பத்தொண்ணு ஆகுதில்ல என்றாள். அவளுக்குத் தையல் கூடத்திலேயே ஒரு மருத்துவர் ஏற்கெனவே இருந்தாள், காஜா அக்கா. சட்டையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் மிஷினில் உட்காருவது அந்த அம்மாளின் வேலை, மீதி நேரம் வைத்தியம். தலையை நனைக்காதே, வெறுங்காலில் நட, ராத்திரி வயிற்றைக் காயப்போடு, டீயை நிறுத்து, நீலக் கலர் போர்வை ஆகாது என்று தினம் ஒன்று சொல்லி அனுப்புவாள். இதில் எதை உன் அம்மா கேட்டாள், எதை விட்டாள் என்று எனக்குத் தெரியாது. போர்வையை மட்டும் நீலத்திலிருந்து பழுப்புக்கு மாற்றினாள்.

சரி, டாக்டரிடம் வராவிட்டால் போகட்டும், காரணத்தை நாமே முறைப்படி கண்டுபிடிக்கலாம் என்று நான் ஒரு நீள நோட்டு வாங்கினேன். கட்டம் போட்டேன். தேதி, அறையின் வெப்பம், ஃபேன் வேகம், போர்வை, இரவு உணவு, வியர்த்த நேரம், குளிர்ந்த நேரம், ஞாயிறுதோறும் எடை. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும், இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும் என்று உன் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவளும் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பவர்களைப் போல ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினாள். அதோடு, என்னுடைய எடைக்கும் பக்கத்திலேயே ஒரு கட்டம் போட்டேன். உங்களுக்கு எதுக்குங்க கட்டம், உங்களுக்கா வேர்க்குது என்றாள். ஒப்பீட்டுக்கு என்றேன். செடிக்கு வெளிச்சம் வேண்டுமா என்று பார்க்க ஒரு தொட்டியை இருட்டில் வைத்தால் போதாது, அதே செடியை இன்னொரு தொட்டியில் வெளிச்சத்திலும் வைக்க வேண்டும், இரண்டாவது தொட்டி இல்லாமல் முதல் தொட்டி எதையும் சொல்லாது என்று விளக்கினேன். உதாரண சார் ஆரம்பிச்சுட்டாரு, ஆக நீங்க வெளிச்சத்துல வெச்ச தொட்டி, நான் இருட்டுல வெச்சதா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் பையன்கள் எனக்கு வைத்த பெயரை அவளுக்குச் சொன்னது என் தப்பு.

இங்கே ஒரு விஷயத்தை நீ கவனிக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு ராத்திரிச் சமையல் என்னுடையது. அவள் ஆறரைக்கு வருவாள், எட்டு மணிக்குச் சாப்பிடுவோம், சாப்பாட்டோடு சேர்த்து அவள் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொள்வாள், இரண்டு வருடமாக அதுதான் வழக்கம். ஆளுக்கு நாலு ரொட்டி, ஒரு கிண்ணம் காய், ஒரு முட்டை. பரிமாறிவிட்டு அன்றைய கட்டங்களை அங்கேயே நிரப்புவேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். குனிந்து எழுதிக்கொண்டே சாப்பிடுவேன். உன் அம்மா எதிரில் உட்கார்ந்து, முதலாளி சொன்னது, காஜா அக்கா சொன்னது என்று கதை சொல்வாள். நிமிர்ந்து பார்க்கும்போது அவள் தட்டு துடைத்த மாதிரி இருக்கும், இரவு உணவு என்ற கட்டத்தில் ஒரு டிக் போடுவேன். என் தட்டில் மட்டும் எவ்வளவு சாப்பிட்டாலும் ரொட்டி தீராது. எண்ணிச் சுட்டதில் தப்பு என்று நினைத்தேன். பசி கூடியிருக்கிறது, வேலையில்லாத உடம்பு என்று நினைத்தேன். என் கைப்பக்குவம் மேம்பட்டுவிட்டது என்றுகூட நினைத்தேன், கடவுளுக்குத்தான் தெரியும்.

ஏழு வாரம் நோட்டு நிரம்பியது. அறையைக் குளிர்வித்தால் கொஞ்சம் குறையும், மறுநாள் பழையபடி வரும். எதையும் பிடிக்க முடியவில்லை. பிடிபட்டது ஒன்றே ஒன்று, அவள் எடை. அறுபத்துநான்கு, அறுபத்துமூன்றரை, அறுபத்துமூன்று என்று இறங்கி, ஏழாவது ஞாயிறு அறுபத்தொன்று. ஊர்ல ஒவ்வொருத்தி மூச்சு வாங்க ஓடி ஓடிக் குறைக்கறா, எனக்குத் தானா குறையுது, அதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறீங்களே என்றாள். ஆனால் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, எடை மெஷினைப் பார்த்துச் சொன்னாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட வைத்து, நோட்டையும் அவளையும் அழைத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் அம்மா பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டே படிப்பவர். நான் அவ்வளவு பாடுபட்டுக் குறித்த ஃபேன் வேகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேராக எடைக்குப் போனார். பேனா மூடி வாயிலிருந்து வெளியே வந்தது. மூணு கிலோ, நீங்களா குறைச்சீங்களாம்மா என்றார். உன் அம்மா இல்லை என்று தலையாட்டினாள். சாயங்காலம் காய்ச்சல் வருதா, இருமல் இருக்கா, வீட்ல யாருக்காவது காசநோய் இருந்ததா, நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், புதுசா ஏதாவது மாத்திரை, மனசுக்கு ஏதாவது கவலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கழுத்தையும் அக்குளையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். நான், மேடம், இது இந்த வயசுல மாதவிலக்கு நிக்கறதுக்கு முன்னாடி வர்றதுதானே என்றேன். இருக்கலாம் சார், பெரும்பாலும் அதுதான், ஆனா அது இல்லாத மத்ததையெல்லாம் பார்க்காம அதுதான்னு நான் எழுதிட முடியாது, இளைச்சிருக்காங்களே என்றார். தைராய்டு, ரத்த அணுக்கள், சர்க்கரை, நெஞ்சு எக்ஸ்ரே என்று ஒரு சீட்டு நிறைய எழுதிக் கொடுத்து, செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்.

அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து எனக்கு நானே இப்படிச் சொல்லிப் புரிந்துகொண்டேன், உனக்கும் உதவும். பள்ளிக்கூடத்தில் நேரம் தப்பி மணி அடிக்கிறது என்று வைத்துக்கொள். கடிகாரம் தவறாக ஓடியிருக்கலாம், அதுதான் பெரும்பாலும். எவனோ விளையாட்டுக்கு அடித்திருக்கலாம். ஆய்வாளர் வந்திருக்கலாம். எப்போதாவது ஒருமுறை, நிஜமாகவே எங்கோ தீப்பிடித்திருக்கலாம். மணிச் சத்தம் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான், எழுந்து போய்ப் பார்த்தால்தான் தெரியும். கடிகாரமாகத்தான் இருக்கும் என்று வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பவர் நல்ல தலைமை ஆசிரியர் இல்லை.

வெள்ளியிலிருந்து செவ்வாய்வரை நாலு நாள். நீ போன் செய்த ஞாயிறு அதற்கு நடுவில் வந்தது. அந்த நாலு நாளும் உன் அம்மா வியர்வையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்கு வீட்டு வேலை கற்றுக்கொடுத்தாள். சலவை மிஷின் முன்னால் நிற்க வைத்து, வெள்ளையும் கலரும் சேர்த்துப் போட்டீங்கன்னா உங்க பனியன் எல்லாம் ரோஸ் கலர் ஆயிடும், அப்புறம் வெளியில தலைகாட்ட முடியாது என்று மூன்று தடவை சொன்னாள். நான் படம் போட்டுக் குறித்துக்கொண்டேன். சமையலறை டப்பா ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டினாள். உப்பு டப்பாவில், இது உப்பு, சர்க்கரை இல்லை, சந்தேகம் வந்தால் நக்கிப் பார்க்கவும் என்று எழுதியிருந்தது. உன் பிறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, எந்த அலமாரி எந்தத் தட்டு என்று எனக்கு ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தாள். முப்பது வருடத்துக்குப் பிறகு வேலையைப் பகிர்ந்துகொள்ள மனம் வந்திருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன். வாலு, உன் அப்பா எவ்வளவு பெரிய மக்கு என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் என்னிடம் இல்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டர் அம்மா ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். நெஞ்சு சுத்தம். ரத்த அணுக்கள் சரி. தைராய்டு சரி. சர்க்கரைத் தாளில் மட்டும் நின்றார். மூன்று மாதச் சராசரி, மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இவ்வளவு நல்லா இருக்கக் கூடாதே என்றார். நல்லா இருந்தால் என்ன கெடுதல் என்று எனக்குப் புரியவில்லை. அப்ப மூணு கிலோ எங்கதான் போச்சு என்று தனக்குள் கேட்டபடி மறுபடி என் நோட்டை இழுத்து ஞாயிற்றுக்கிழமைகளைப் புரட்டினார். புரட்டியவர், பக்கத்துக் கட்டத்தில் விரலை வைத்து, இது யாரு என்றார். ஒப்பீட்டுக்கு நான் என்றேன். அவர் ஒரு தடவை என் கட்டத்தைப் பார்த்தார், ஒரு தடவை அவள் கட்டத்தைப் பார்த்தார், கடைசியாக என் வயிற்றைப் பார்த்தார். எழுபத்தொன்று, எழுபத்தொன்றரை, எழுபத்திரண்டு என்று ஏறி ஏழாவது ஞாயிறு எழுபத்துநான்கு. நான் எழுதியிருந்தேன், படிக்கவில்லை. ஒப்பீட்டுக்கு வைத்த தொட்டியை யார் குனிந்து பார்க்கிறார்கள். சார், உங்க மனைவி தொலைச்ச மூணு கிலோ பத்திரமா உங்ககிட்டதான் இருக்கு என்றார். பொருளை அழிக்க முடியாது, இடம்தான் மாறும் என்று முப்பத்துநான்கு வருடம் கரும்பலகையில் எழுதியவனுக்கு ஒரு டாக்டர் பாடம் நடத்தினார்.

பிறகு அவர் உன் அம்மா பக்கம் திரும்பி, ராத்திரி என்னம்மா சாப்பிடறீங்க என்று மெதுவாகக் கேட்டார். உன் அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். பிறகு சொன்னாள். காஜா அக்கா வயிற்றைக் காயப்போடச் சொன்னாளாம், அடுப்பு எரிஞ்சா வீடு எப்படி ஆறும், ராத்திரி அடுப்பை அணை என்றாளாம். இவர் கஷ்டப்பட்டு ரொட்டி சுடறாரு, வேணாம்னா மனசு நோகும், அதனால இவர் குனிஞ்சு எழுதறப்ப மூணு ரொட்டியை இவர் தட்டுக்குத் தள்ளிடுவேன், சில நாள் முட்டையையும் என்றாள். நிமிர்ந்து பார்க்காமல் வருகைப் பதிவு எடுக்கும் வாத்தியாருக்கு ஒருவன் இரண்டு குரலில் ஆஜர் சொல்வான், தெரியுமா. உன் அம்மாவின் சாப்பாட்டுக்கு ஏழு வாரமும் என் வயிறு ஆஜர் சொல்லியிருக்கிறது, நானே என் கையால் டிக் போட்டிருக்கிறேன். மாத்திரை போட்டீங்களா என்றார் டாக்டர். அதை விடலை மேடம், ஒருநாள்கூட விடலை என்று உன் அம்மா பெருமையாகச் சொன்னாள். டாக்டர் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். மாத்திரை டாண்ணு வேலைக்கு வந்துடுதும்மா, சாப்பாடுதான் வரலை, அது சும்மா இருக்குமா, இருக்கற சர்க்கரையையும் இறக்கிடும், சர்க்கரை தாழ்ந்தா உடம்பு வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடன்னு அடிக்கும், நல்லவேளை நீங்க முழிச்சுக்கிட்டீங்க, முழிக்காமலே போறவங்க உண்டு என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தில் எனக்கு வியர்த்தது.

ஆனால் பகலில் வந்த சூடு, நாற்பது சட்டைக்குக் கை மாற்றிய சூடு, அது வேறு என்றார். அது இந்த வயதில் வருவது, அதுவும் ராத்திரி வரும், முதல் மூன்று வாரம் வந்தது அதுதான், பட்டினி வியர்வை பிறகு வந்து சேர்ந்துகொண்டது. ஆக ஒரே வகுப்பில் இரண்டு பேர் சத்தம் போட்டிருக்கிறார்கள், நான் ஒருவனையே தேடிக்கொண்டிருந்தேன். இந்த வயதில் வருவதை டாக்டர் விளக்கினார், நான் என் பாஷையில் சொல்கிறேன். நம் மூளையில் உடம்பின் சூட்டைக் கவனிக்க ஒரு வகுப்புத் தலைவன் இருக்கிறான். இத்தனை வருடம் நிதானமாக இருந்தவன், மாதவிலக்கு நிற்கப்போகிற காலத்தில் உடம்பின் சுரப்பு ஏறி இறங்குவதால் பதற்றக்காரன் ஆகிவிடுகிறான். துளி சூடு ஏறினாலும் தீ தீ என்று கத்தி எல்லா ஜன்னலையும் திறந்துவிடுகிறான், அதுதான் வியர்வை. திறந்த ஜன்னலில் குளிர் அடித்ததும், ஐயோ குளிர் என்று இழுத்து மூடி எல்லோரையும் நடுங்க வைக்கிறான், அதுதான் குளிர். அவனை மிரட்டிப் பயன் இல்லை. மெல்லிய பருத்தி உடை, காற்று வரும் அறை, அடுக்கடுக்காக மெல்லிய போர்வை, ராத்திரியில் காப்பியும் காரமும் குறைவு, இவற்றால் சமாதானம் ஆவான், ரொம்பத் தொல்லை கொடுத்தால் மருந்தும் உண்டு, சில வருடத்தில் தானாகவும் அடங்குவான். இது உனக்கும் ஒருநாள் வரும் பாடம், இருபது வருடம் முன்னாலேயே நடத்திவிட்டேன். ஆனால் காய்ச்சல், கட்டி, விடாத இருமல், காரணம் இல்லாமல் இளைப்பது, இவை கூட வந்தால் வகுப்புத் தலைவன்மேல் பழி போட்டுச் சும்மா இருக்கக் கூடாது, டாக்டரிடம் போக வேண்டும். எங்கள் வீட்டில் இளைத்ததற்குக் காரணம் என் தட்டில் இருந்தது, எல்லா வீட்டிலும் அப்படி இருக்காது.

டாக்டர் சிரித்தார், நானும் சிரித்தேன். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்து வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருக்கிறது, அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம்தான் சரியா இருக்கே, அப்புறம் ஏன் சொல்லலை, நீயா குறைச்சியான்னு அவங்க கேட்டப்பகூட இல்லைன்னியே என்றேன். குறைச்சது மூணு ரொட்டிதானேங்க, அதுக்கா மூணு கிலோ இறங்கும்னு நினைச்சேன், இது வேறன்னு முடிவு பண்ணிட்டேன் என்றாள். பிறகு, எங்க அக்காவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது, வேர்த்து, குளிர்ந்து, இளைச்சு, அவளும் மொதல்ல மெத்தையைத்தான் மாத்தினா என்றாள். உன் பெரியம்மா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ரத்தத்தில் வந்த அந்த வியாதி எப்படி ஆரம்பித்தது என்று எனக்கு மறந்தே போயிருந்தது. இவளுக்கு மறக்கவில்லை. பத்து வாரமாகக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று தன் கழுத்தைத் தானே தடவிக் கட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு. சலவை மிஷினும் உப்பு டப்பாவும் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னா நோட்டுல எழுதுவீங்க என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அந்தப் பெஞ்சில் அரை மணி நேரம் இருந்தோம். நான் நோட்டைத் திறக்கவில்லை.

உன்னிடம் சொல்லக் கூடாது என்றும் அவள்தான் தடுத்தாள். ரெண்டு வருஷம் காத்திருந்து கிடைச்ச வேலை, ஆறு மாசம் முடிஞ்சாத்தான் நிரந்தரம், இதைக் கேட்டா எல்லாத்தையும் போட்டுட்டு அடுத்த விமானத்துல வந்து நிப்பா அந்த வாலு என்றாள். நீ வந்து நின்றிருப்பாய், எனக்கும் தெரியும். வராதே. வேண்டியதில்லை. டாக்டர் ராத்திரி மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார், விரலில் குத்திப் பார்க்கும் கருவி ஒன்று வாங்கியிருக்கிறோம், சர்க்கரை தாழ்ந்தால் உடனே வாயில் போட, தலைமாட்டில் மிட்டாய் டப்பா இருக்கிறது. இந்த நாலு ராத்திரியில் உடம்பு நனைகிற வியர்வை ஒருமுறைகூட வரவில்லை. வகுப்புத் தலைவன் இரண்டு தடவை ஜன்னலைத் திறந்தான், அவ்வளவுதான். தையல் கூடத்தில் முதலாளியே அவள் மேசைக்கு அருகில் தனியாக ஒரு சின்ன ஃபேன் மாட்டிக் கொடுத்து, காகிதத்தின்மேல் வைக்க இரும்புத் துண்டுகளும் கொடுத்திருக்கிறார். கை நீளமான நாற்பது சட்டையைப் பிரித்து மறுபடி தைத்துவிட்டார்கள். காஜா அக்காவுக்கு உன் அம்மா நடந்ததைச் சொன்னாளாம். நான் வயிற்றைக் காயப்போடச் சொன்னேன், மாத்திரையைப் போட்டுக்கிட்டுக் காயப்போடச் சொன்னேனா, முழுசாக் கேட்டுக்கறதில்ல என்றாளாம். இப்போது சாப்பிடும்போது எதிரெதிராக உட்காருவதில்லை, பக்கத்தில் உட்காருகிறோம், நோட்டு அலமாரியில் இருக்கிறது. டப்பாக் காகிதங்களைக் கிழிக்கப் போனாள், இருக்கட்டும் என்றேன். உப்பு எது சர்க்கரை எது என்று எனக்கு இன்னும் நிச்சயம் இல்லை.

இனி என் கேள்வி. நீ வாரத்துக்கு மூன்று தடவை பேசுகிறாய், மூன்று தடவையும் சாப்டியாம்மா என்று கேட்கிறேன், மூன்று தடவையும் சாப்பிட்டேன்பா என்கிறாய், நான் மனசுக்குள் டிக் போட்டுக்கொள்கிறேன். இனிமேல் போட மாட்டேன். தட்டைக் காட்டு. தூங்கினாயா என்றால் தூங்கினேன் என்று மட்டும் சொல்லாதே, எத்தனை மணிக்கு என்று சொல். அங்கே தனியாக எதற்காவது நடுங்கினால் போர்வையைப் போர்த்திக்கொண்டு பேசாமல் இருக்காதே, அந்த நேரத்துக்கே கூப்பிடு, இங்கே பொழுது எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் இரண்டு பேரும் எப்படியும் விழித்துத்தான் இருக்கிறோம். நாங்களும் இனி எதையும் மறைக்க மாட்டோம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம்.

உடம்பும் மனசும் குறையில்லாமல், எடுத்த வேலை நிலைத்து, நேரத்துக்குப் பசித்து, நேரத்துக்குத் தூங்கி நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே, போன கடிதத்திலேயே சொன்னேன்.

இப்படிக்கு,
மூன்று கிலோ குறைக்க உத்தரவு வாங்கியிருக்கும்,
உன் அப்பா

வாலு, உறையை ஒட்டுவதற்குள் நான் வந்துவிட்டேன், படித்தும்விட்டேன். நான் தள்ளிவிட்டதில் இவருக்கு இரண்டரை கிலோதான் ஏறியிருக்கும். மீதி அரை கிலோ, பீரோவுக்குப் பின்னால் இவர் ஒளித்து வைத்திருக்கும் பிஸ்கட். எதையும் மறைக்க மாட்டோம் என்று எழுதியிருக்கிறாரே, அதற்கு ஏன் கட்டம் போடவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை நீயே கேள். நான் போனை இவர் கையில் கொடுக்காமல் பக்கத்திலேயே இருக்கிறேன். நன்றாக இருக்கிறேன் கண்ணு, கேமராவைத் துடைத்துவிட்டுப் பார். அம்மா.